ஆற்றல் எங்கே இருக்கிறது?



ஆற்றல் என்றால் என்ன என்று கேட்டால், முன்வரிசையில் இருக்கும் பள்ளிப் பிள்ளைகள் ஒரே குரலில் விடை சொல்லிவிடுவார்கள்: வேலை செய்யும் திறன். தேர்வில் இரண்டு மதிப்பெண் உறுதி. அதைக் குறைக்கச் சொல்லி நான் இங்கே வரவில்லை. ஆனாலும் அந்த விடையைக் கையோடு எடுத்துக்கொண்டு மெரினா வரை ஒரு நடை போய் வருவோம்.

ஒரு டன் கடல்நீரை ஒரே ஒரு டிகிரி குளிரவைத்தால் அதிலிருந்து சுமார் 40 லட்சம் ஜூல் வெப்பம் வெளிவரும். வீட்டு மின்மீட்டரில் ஓடும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல்தான். அப்படியானால் ஒரு கப்பல் கடல்நீரை உறிஞ்சி, அதன் சூட்டை எடுத்துக்கொண்டு, குளிர்ந்த நீரைப் பின்னால் விட்டபடி, ஒரு சொட்டு டீசல் இல்லாமல் சிங்கப்பூர் போய்ச் சேரலாமே? முடியாது. சுற்றியுள்ள எல்லாமே ஒரே சூட்டில் இருக்கும்போது அந்த வெப்பத்தைக் கொண்டு ஒரு திருகாணியைக்கூடச் சுழற்றிவிட முடியாது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி குறுக்கே நிற்கிறது. வங்கக் கடலில் ஆற்றல் கொட்டிக் கிடக்கிறது. வேலை செய்யும் திறன்தான் இல்லை. பாடப்புத்தக விளக்கம் கடற்கரை மணலிலேயே கால் புதைந்து நின்றுவிடுகிறது.

ஆற்றல் அழியாது என்றால் மின்சாரத்தை ஏன் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மின்விசிறியை ஓட்டிய ஒரு யூனிட் எங்கும் தொலைவதில்லை. அறைக் காற்றில் இளஞ்சூடாகப் பரவிப்போகிறது. நாம் செலவழித்தது அதன் பயன்படும் தன்மையை. அதை அளக்க 1865-இல் கிளாசியஸ் என்ட்ரோபி என்ற தனி அளவையே உருவாக்கினார். அது இன்னொரு நாளைக்கான பேச்சு.

அப்படியானால் ஆற்றல் என்பதுதான் என்ன? இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே. ஆற்றல் ஓர் எண். பொருட்களுக்குள் ஊறிக் கிடக்கும் சாறு போன்ற ஏதோ ஒன்றாக அதை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். இயற்பியலுக்கு அது கணக்குப் போட்டால் கிடைக்கும் தொகை. நகரும் பொருளுக்கு ஒரு சூத்திரம், உயரத்தில் இருப்பதற்கு இன்னொன்று, சூடாக இருப்பதற்கு வேறொன்று, இழுபட்ட வில்லுக்கு, மின்னூட்டத்துக்கு, ஒளிக்கு என்று தனித்தனிச் சூத்திரங்கள். எதுவும் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் மூடிவைத்த ஓர் ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் எல்லாவற்றையும் கணக்கிட்டுக் கூட்டுங்கள். உள்ளே என்ன அமளி வேண்டுமானாலும் நடக்கட்டும். மாலையில் மறுபடி கூட்டினால் அதே தொகை வரும். ஒரு வியாபாரியின் பேரேட்டில் ரொக்கம், சரக்கு, வரவேண்டிய பாக்கி எல்லாம் தனித்தனிப் பத்தியில் இருந்தாலும் அடியில் ஒரு மொத்தம் இருக்கிறதல்லவா, அதைப் போல. அந்த மொத்தம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று யாரும் தேடுவதில்லை. 1960-களின் தொடக்கத்தில் கால்டெக்கில் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுத்த ஃபெய்ன்மன், ஆற்றல் என்றால் என்னவென்று இன்றைய இயற்பியலுக்குத் தெரியாது என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பேரேட்டின் பத்திகள் ஒரே நாளில் வரைந்தவை அல்ல. முதல் பத்திக்கே ஐம்பது ஆண்டுக்கு மேல் சண்டை நடந்தது. இயக்கத்தின் அளவு எது? நிறையை வேகத்தால் பெருக்கு என்றது டெகார்ட்டின் கட்சி. வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கு என்று 1686-இல் கிளம்பினார் லைப்னிட்ஸ். ஹாலந்தில் கிராவசாண்டே என்பவர் பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணில் விழவிட்டுப் பார்த்தார். இரண்டு மடங்கு வேகத்தில் விழுந்த குண்டு நான்கு மடங்கு குழி பறித்தது. இதன் பொருளை அழுத்தந்திருத்தமாக எடுத்துவைத்தவர் எமிலி து ஷாட்லே என்ற பிரெஞ்சுப் பெண்மணி. 1740-இல் வந்த அவருடைய இயற்பியல் நூல் லைப்னிட்ஸின் பக்கம் நின்றது. பாரிஸ் அறிவியல் கழகத்தின் செயலாளரே எதிர்த்து எழுதினார். அம்மையார் அசரவில்லை, அவருக்கும் பதில் எழுதினார். நியூட்டனின் பிரின்சிபியாவைப் பிரெஞ்சில் பெயர்த்து முடித்த கையோடு, 1749-இல், பிள்ளை பெற்ற சில நாளில் இறந்துபோனார். வயது 42.

வர்க்கத்தின் வீரியத்தை நம் சாலைகளில் தினமும் பார்க்கலாம். 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக், பிரேக் போட்டபின் எவ்வளவு தூரம் வழுக்கி நிற்குமோ, 60-இல் போனால் அதைப்போல நான்கு மடங்கு தூரம் போய்த்தான் நிற்கும். இரண்டு மடங்கு என்று நினைத்து ஓட்டுபவர்களால்தான் எலும்பு மருத்துவர்களுக்கு ஓய்வில்லை. டெகார்ட் கட்சி தோற்றது என்றும் நினைக்க வேண்டாம். அவர்கள் சொன்னதோடு திசையையும் சேர்த்துக்கொண்டால் அது உந்தம்; அதற்கும் ஒரு மாறாத கணக்கு உண்டு. இரண்டு பேரும் இரண்டு வேறு பேரேடுகளைப் பிடித்துக்கொண்டு ஒன்றுக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஏன் இரண்டு என்பதற்கு விடை வர இன்னும் இருநூறு ஆண்டு ஆகவேண்டியிருந்தது.

அடுத்த பத்தி வெப்பம். அது வந்த வழி விநோதமானது. 1840-இல் ராபர்ட் மேயர் என்ற இளம் ஜெர்மானிய மருத்துவர் ஒரு டச்சுக் கப்பலில் ஜாவா தீவுக்குப் போனார். சுரபாயா துறைமுகத்தில் மாலுமிகளுக்குச் சிகிச்சையாக ரத்தம் எடுத்தபோது, கருஞ்சிவப்பாக இருக்க வேண்டிய சிரை ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக வந்தது. தமனியைத்தான் குத்திவிட்டோமோ என்று பயந்தார். பிறகு யோசித்தார்: வெப்ப நாட்டில் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள அதிகம் எரிக்க வேண்டியதில்லை, அதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது. அப்படியானால் உடம்பின் சூடும் அது செய்யும் உழைப்பும் ஒரே சாப்பாட்டிலிருந்துதான் வரவேண்டும். இரண்டுக்கும் இடையே ஒரு மாற்று விகிதம் இருந்தாக வேண்டும். 1842-இல் கட்டுரை வெளியிட்டார். படித்தவர்கள் சிலர், மதித்தவர்கள் அதிலும் சிலர். மனமுடைந்து 1850-இல் மாடி ஜன்னலிலிருந்து குதித்தார், பிழைத்துக்கொண்டார்.

அந்த மாற்று விகிதத்தைத் துல்லியமாக அளந்தவர் மான்செஸ்டர் பக்கத்துப் பீர் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை ஜூல். எடைக்கற்கள் கீழே இறங்க, அவை இழுக்கும் கயிறு ஒரு துடுப்புச் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் தண்ணீரைக் கலக்க, தண்ணீர் மிகச் சிறிதளவு சூடேறும். டிகிரியில் நூற்றில் ஒரு பங்கைக்கூட விடாமல் பார்க்க வேண்டும். பீர் காய்ச்சும் தொழிலில் வெப்பமானியே கதி என்று வளர்ந்தவருக்கு அது கைவந்தது. அவர் கண்டதை இன்றைய அளவில் சொன்னால், ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பமும், அதே தண்ணீரை ஏறத்தாழ 427 மீட்டர் உயரம் தூக்கும் உழைப்பும் சமம்.

இந்த எண்ணைக் கொஞ்சம் உள்வாங்கிக்கொள்ளுங்கள். வெந்நீர் வைக்கும் செலவு எவ்வளவு பெரியது, தூக்கும் செலவு எவ்வளவு சிறியது! திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர் உயரம். 60 கிலோ எடையுள்ள ஒருவரை அடிவாரத்திலிருந்து உச்சிப் பிள்ளையார் வரை தூக்க 49,000 ஜூல் போதும். ஒரு யூனிட் மின்சாரத்தில் எழுபது பேருக்கு மேல் ஏற்றிவிடலாம். நடந்து ஏறினால், தசைகள் நான்கில் மூன்று பங்கைச் சூடாக்கியே வீணாக்கும். அதையும் சேர்த்தால் செலவு சுமார் 47 கிலோகலோரி. ஏறத்தாழ ஓர் இட்லி. மலையேறிவிட்டோம் என்ற பெருமையில் இறங்கியவுடன் நான்கு இட்லியும் ஒரு வடையும் சாப்பிடுவோர், கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பேரேட்டின் பலம் இன்னோர் இடத்திலும் தெரியும். பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்காமலே, நடக்க முடியாததைச் சொல்லிவிடலாம். 1996-இல் மூலிகைப் பெட்ரோல் என்ற பேச்சு தமிழ்நாட்டையே கலக்கியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தண்ணீரையும் கைப்பிடி மூலிகையையும் கொதிக்கவைத்தால் பெட்ரோல் வரும் என்றார்கள். எந்த மூலிகை, எந்த மலையில் கிடைக்கிறது என்று நாடே கேட்டது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் 3 கோடி ஜூலுக்கு மேல் கிடைக்கும். தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அதில் எரிக்க மிச்சம் எதுவுமில்லை. நன்றாகக் காய்ந்த செடிகொடியை எரித்தால் கிலோவுக்கு ஒன்றரைக் கோடி ஜூலுக்குச் சற்று மேல் வரும். ஆகவே, எதுவுமே வீணாகாமல் போனாலும், ஒரு லிட்டருக்கு இரண்டு கிலோ சருகாவது வேண்டும். கைப்பிடியில் கணக்கு நிற்காது. வேதியியலே தெரிய வேண்டாம். வரவு எங்கே என்று கேட்டால் போதும். பாரிஸ் அறிவியல் கழகம் 1775-இலேயே நிரந்தர இயக்க எந்திரங்கள் பற்றிய மனுக்களை இனிப் பார்ப்பதில்லை என்று தீர்மானம் போட்டுவிட்டது. ஆற்றல் அழியா விதி வருவதற்கு எழுபது ஆண்டுக்கு முன்பே, ஏமாந்த அனுபவம் அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்திருந்தது.

இங்கே ஒருவர் கை தூக்கலாம். "ஐயா, பெட்ரோலில் இத்தனை ஜூல் இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு பொருளுக்குள் இல்லை என்கிறீர்கள்." நியாயமான கேள்வி. பேச்சு வசதிக்காக அப்படிச் சொல்கிறோம். அதே பெட்ரோலை நிலவில் வைத்துப் பற்றவைத்துப் பாருங்கள், எரியாது. அந்த 3 கோடி ஜூல் பெட்ரோலும் ஆக்சிஜனும் சேர்ந்த ஏற்பாட்டின் கணக்கு. உயிரியல் பாடத்தில், பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது என்று எழுதிவிடுகிறோமே, அது தலைகீழ். எந்த வேதிப் பிணைப்பையும் உடைக்கச் செலவாகும். அதைவிட இறுக்கமான புதிய பிணைப்புகள் உருவாகும்போதுதான் வரவு. ஆற்றலை உறைக்குள் அடைத்த சரக்காக நினைத்தால் இந்தத் தவறு வராமல் இருக்காது.

மாடியில் இருக்கும் பூந்தொட்டியின் நிலை ஆற்றலும் தொட்டிக்குள் இல்லை. தொட்டியும் பூமியும் இருக்கும் நிலைக்கு உரியது. எங்கிருந்து அளப்பது, மாடித் தரையிலிருந்தா, தெருவிலிருந்தா? உங்கள் விருப்பம். வித்தியாசம் மட்டுமே கணக்கில் வரும். வேகத்துக்கும் இதே கதைதான். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வைகை எக்ஸ்பிரஸில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. எதிர் இருக்கையில் உள்ளவருக்கு அதன் இயக்க ஆற்றல் பூஜ்யம். நடைமேடையில் நிற்பவருக்கு 312 ஜூல். இருவர் கணக்கும் சரி. பார்ப்பவரைப் பொறுத்து இருந்தும் இல்லாமலும் போகிற சரக்கு உலகத்தில் உண்டா?

ஐன்ஸ்டைனை வைத்து மடக்கலாம். ஆற்றலுக்கு எடை உண்டே, 1905-இலேயே சொல்லிவிட்டாரே என்று. உண்மை. புரோட்டானுக்குள் இருக்கும் மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால் புரோட்டானின் நிறையில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான் தேறும். மிச்சம் அவற்றின் இயக்கமும் அவற்றைப் பிணைக்கும் புலமும் தரும் ஆற்றல். இதைப் பார்த்து ஆற்றல் ஒரு பொருள் என்று முடிவுகட்டுவோர் உண்டு. நான் எதிர்த்திசையில் படிக்கிறேன்: கையில் தூக்கிப் பார்க்கிற நிறையே பேரேட்டின் ஒரு பத்தியாகிவிட்டது.

இப்போது கணக்கு உதைத்த கதைக்கு வருவோம். சில அணுக்கருக்கள் ஓர் எலக்ட்ரானை உமிழ்ந்துவிட்டு வேறோர் அணுக்கருவாக மாறும். இது பீட்டா சிதைவு. முன்னிருந்த கருவின் ஆற்றலும் பின்னிருக்கும் கருவின் ஆற்றலும் தெரியும். வித்தியாசம் முழுவதும் எலக்ட்ரானோடு போயிருக்க வேண்டும். ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரே ஆற்றலோடு வர வேண்டும். ஆனால் 1914-இல் சாட்விக் அளந்தபோது எலக்ட்ரான்கள் சில சோம்பலாகவும் சில துள்ளலாகவும், இடைப்பட்ட எல்லா அளவிலும் வந்தன. வழியில் எங்கோ ஆற்றலைச் சிந்திவிட்டு வருகின்றனவோ? 1927-இல் கேம்பிரிட்ஜில் எல்லிஸ், வூஸ்டர் இருவரும் சிந்தினால் சூடாகித் தெரியட்டும் என்று, சிதையும் பொருளையே ஒரு வெப்பமானிக் கூட்டுக்குள் அடைத்து மொத்த வெப்பத்தையும் அளந்தார்கள். வரவேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. மீதியைக் காணோம்.

நீல்ஸ் போர் அந்தக் காலத்து இயற்பியலுக்குக் குடும்பத் தலைவர் மாதிரி. அவரே, அணுக்கருவுக்குள் ஆற்றல் கணக்கு சராசரியாக மட்டுமே நேராகும், ஒவ்வொரு சிதைவிலும் நேராக வேண்டியதில்லை என்று விட்டுக்கொடுக்கத் தயாரானார். இயற்பியலாளர் பவுலிக்கு அது பொறுக்கவில்லை. 1930 டிசம்பர் 4 அன்று, டூபிங்கனில் கூடியிருந்த கதிரியக்க ஆய்வாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். யாரும் காணாத, மின்னூட்டமில்லாத ஒரு துகள் மிச்ச ஆற்றலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம் என்றார். சூரிச்சில் ஒரு நடன விருந்து இருப்பதால் நேரில் வர இயலவில்லை என்றும் எழுதியிருந்தார். கணக்கு நேராக வேண்டும் என்பதற்காக, கண்ணில் படாத ஒரு கடன்காரனின் பெயரைப் பேரேட்டில் எழுதிய துணிச்சல் அது. வேறு யாராவது செய்திருந்தால் தணிக்கையாளர் விட்டிருக்க மாட்டார்.

அந்தத் துகளுக்கு நியூட்ரினோ என்ற பெயர் நிலைத்தது. 1956-இல் அமெரிக்காவின் சவானா ரிவர் அணு உலை அருகே கோவன், ரைன்ஸ் இருவரும் அதைப் பிடித்து, பவுலிக்குத் தந்தி அடித்தார்கள். ஒன்பது ஆண்டு கழித்து, காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடத்தை உலகில் முதன்முதலாகக் கண்ட இடங்களில் ஒன்று கோலார் தங்கவயல். நம் வட ஆற்காட்டிலிருந்து போன தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டிய சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் வைத்த கருவிகளில் அது பதிவானது. தங்கம் எடுக்கத் தோண்டிய குழிக்கு இப்படி ஒரு புகழும் வாய்த்தது.

பவுலிக்கு அவ்வளவு நம்பிக்கை எதனால்? கணக்கு ஏன் நேராகியே தீர வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை அதற்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பே, 1918-இல் வந்துவிட்டது.

ஆனைமலைப் பக்கம் காடம்பாறை நீரேற்று மின் நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 400 மெகாவாட் திறன். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணை நீரை மேல் அணைக்கு ஏற்றுவார்கள். ஊர் விளக்கேற்றும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். உராய்வும் சூடும் போக, இத்தகைய நிலையங்களில் நூறு யூனிட் போட்டால் பொதுவாக எழுபதிலிருந்து எண்பது வரைதான் திரும்பும். இப்போது ஒரு கற்பனை. புவியீர்ப்பு இரவில் பாதியாகிவிடுகிறது, பகலில் பழையபடி ஆகிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரவில் பாதிச் செலவில் நீரை ஏற்றலாம், பகலில் முழு விலைக்கு இறக்கலாம். ஒவ்வொரு நாளும் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத லாபம். ஆற்றல் கணக்கு கிழிந்தது. அது கிழியாமல் இருப்பதற்குக் காரணம், இயற்கையின் விதிகள் நேற்று இருந்தபடியே இன்றும் இருப்பது. காலம் நகர்ந்தாலும் விதி மாறாது என்றால், மாறாத ஓர் எண் கணிதத்திலிருந்தே தானாக வந்து விழுகிறது. அந்த எண்தான் ஆற்றல். விதி இடத்துக்கு இடம் மாறாது என்றால் இன்னோர் எண் விழுகிறது; அது உந்தம். லைப்னிட்ஸும் டெகார்ட் கட்சியும் எதற்காக மோதினார்கள் என்பது இப்போது விளங்குகிறது: ஒருவர் காலத்தின் கணக்கை வைத்திருந்தார், மற்றவர் இடத்தின் கணக்கை.

இதை நிறுவியவர் கணித அறிஞர் எம்மி நோதர். பெண் என்பதால் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் அவருக்குப் பாடம் சொல்லும் உரிமை தரவில்லை; அவருடைய வகுப்புகள் அங்கிருந்த கணிதப் பேராசிரியர் ஹில்பர்ட் பெயரில் அறிவிக்கப்பட்டன, சம்பளம் கிடையாது. 1918-இல் இதை நிறுவிய கட்டுரையை அறிவியல் கழகத்தில் முன்வைத்தவரும் அவரல்ல, அங்கிருந்த இன்னொரு பேராசிரியர் ஃபெலிக்ஸ் கிளைன். 1919-இல் உரிமை கிடைத்தது. 1933-இல் யூதர் என்பதற்காக நாஜிகள் அதையும் பறித்தார்கள். அமெரிக்காவுக்குப் போய், 1935-இல், ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பின் 53 வயதில் காலமானார். இயற்பியல் மாணவர்கள் நியூட்டனுக்கு அடுத்தபடியாக அறிந்திருக்க வேண்டிய பெயர்களில் ஒன்று என்பேன். 

நோதரின் விடைக்கு ஒரு நிபந்தனை இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காலம் எங்கும் ஒரே மாதிரி இருந்தால் ஆற்றல் மாறாது. இல்லாவிட்டால்?

பிரபஞ்சம் விரிந்துகொண்டிருக்கிறது. தோன்றி சுமார் 3.8 லட்சம் ஆண்டு ஆனபோது வெளிப்பட்ட ஒளி இன்னும் எல்லாத் திசையிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. கிளம்பும்போது அது 3000 கெல்வின் சூட்டின் ஒளி. இன்று வந்து சேரும்போது 2.7 கெல்வின், வெறும் நுண்ணலை. வெளி விரிந்ததில் அதன் அலைநீளம் சுமார் 1100 மடங்கு நீண்டுவிட்டது. ஒவ்வோர் ஒளித்துகளின் ஆற்றலும் 1100-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, எதையும் அது சூடாக்கவில்லை. மிச்சம் எங்கே?

ஈர்ப்புப் புலத்துக்குள் போயிருக்கிறது என்று எழுதிக் கணக்கை நேராக்கும் அறிஞர்கள் உண்டு. ஆனால் அந்தப் பத்தியை எப்படி எழுதுவது என்பதில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே முறை இல்லை. ஒருவர் போடும் எண் மற்றவருக்கு வருவதில்லை. அதனால் நான் அந்தக் கட்சியில் சேரவில்லை. விரியும் பிரபஞ்சத்தில் நேற்றைய வெளி இன்றைய வெளி அல்ல. நிபந்தனையே இல்லாதபோது மாறாத மொத்தத்தை எதிர்பார்க்க உரிமையும் இல்லை. காடம்பாறையிலும் சூரியனிலும் நம் விண்மீன் மண்டலம் முழுவதிலும் விரிவு கணக்கில் கொள்ளத் தக்கதல்ல. அங்கெல்லாம் பேரேடு பிசகாது. 1380 கோடி ஆண்டுப் பிரபஞ்சம் முழுமைக்கும் ஒரே மொத்தம் கேட்டால், கேள்விக்கே பொருள் தளர்ந்துவிடுகிறது.

இது பின்னால் வந்த சமாதானமும் அல்ல. 1915-இல் பொதுச் சார்பியல் பிறந்தபோது, அதில் ஆற்றல் மாறாமை வழக்கம்போல் வரவில்லையே, ஏதோ இடிக்கிறதே என்று குழம்பிய ஹில்பர்ட்டும் கிளைனும்தான் நோதரின் உதவியை நாடினார்கள். அவர் கட்டுரையில் இரண்டு தேற்றங்கள். நாம் இதுவரை பேசியது முதலாவது. இரண்டாவது தேற்றம், பொதுச் சார்பியலில் அந்தக் கணக்கு ஏன் பழைய வடிவில் வராது, ஏன் வரவும் கூடாது என்பதைக் காட்டியது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மூலிகைப் பெட்ரோல் பற்றிய கேள்விகளைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.